இருக்கிறவருக்குச் செய்த கருமாதி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒரு தடவை துணிந்து தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டேன். அதற்குக் கீழே கை ஓடவில்லை. நான் எட்டாவதோடு நின்றவள். சாமி பாட்டுப் புத்தகம் வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் தயக்கம் அதனால் வந்தது இல்லை. உள்ளதை எழுதினால் எங்கள் ஐயாவைப் பற்றியும் எழுத வேண்டும். ஐயா என்றுதான் நாங்கள் அப்பாவைக் கூப்பிடுவோம். தினமும் காலையில் விளக்கேற்றி, சாமி படங்களுக்குச் சாற்றிய பூவில் ஒன்றை எடுத்து அவர் படத்துக்கும் வைக்கிறேன். அந்தக் கையாலேயே அவர் செய்த தப்பையும் எழுத வேண்டும் என்றால் யாருக்கும் சங்கடம்தான்.

இப்போது எழுத வைத்தது ஒரு வீடியோ. என் மருமகள் போனில் கொண்டுவந்து காட்டினாள். பள்ளத்தாக்கில் காணாமல் போனவர், திரும்பி வந்தவர் யார் என்று ஒரு பையன் பயமுறுத்துகிற குரலில் பேசுகிறான். பின்னால் உறுமி சத்தம். ஒரு பாழுங்கிணற்றைக் காட்டுகிறான். அது எங்கள் ஊர்க் கிணறே இல்லை. மனைவியும் வேறொருவரும் சேர்ந்து புருஷனைக் கொன்றுவிட்டார்கள், பிறகு அந்த வேறொருவரே புருஷன் பெயரில் வந்து குடும்பம் நடத்தினார் என்று சொல்லி முடிக்கிறான். கீழே ஆயிரம் பேர் அவரவர் யோசனையை எழுதியிருக்கிறார்கள்.

அந்த மனைவி என் சித்தி. இன்னும் உயிரோடு இருக்கிறார். அவருடைய பேத்திக்கு இப்போது வரன் பார்க்கிறோம். ஏறக்குறைய முடிவாகி இருந்த ஒரு இடம், இந்த வீடியோவுக்குப் பிறகு பதில் சொல்லாமல் இழுக்கிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களை உங்களில் பல பேருக்குத் தெரியும். பௌர்ணமிக்கு நம்மோடு சுருளி அருவிக்கு வருகிறவர்கள்தான். அதனால் என் வயசுக்காரர்களாகிய உங்களுக்கு இதைச் சொல்கிறேன். நான் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சுருளிப்பட்டிக்குப் பக்கம். அப்போது எனக்குப் பத்து வயசு இருக்கும். அரிசிக்குத் தடை இருந்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இங்கே வயலில் விளைந்தது கிடக்கும். மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவில் அரிசிக்கு ஆலாய்ப் பறப்பார்கள். கொண்டு போகக் கூடாது என்று சட்டம். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் விடிவதற்கு முன்னால் தலையில் சும்மாடு வைத்து, அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் மலை ஏறிவிடுவார்கள். அதை யாரும் திருட்டு என்று நினைக்கவில்லை. "மேல போயிருக்காக" என்பார்கள், அவ்வளவுதான்.

என் சித்தப்பா, ஐயாவுக்கு நேர் இளையவர், அதில் கெட்டிக்காரர். திரும்பி வரும்போது சட்டையெல்லாம் ஏலக்காய் மணக்கும். எனக்கு நேந்திரங்காய் வறுவல் கொண்டுவருவார். ஒரு தடவை மூடியில் கண்ணாடி பதித்த ஒரு சின்னத் தகர டப்பா கொண்டுவந்தார். அதில் குண்டுமணி போட்டு வைத்திருந்தேன். எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ தெரியவில்லை. மலையாளம் பேசுவதில் அவருக்குப் பெருமை. என்னைக் "கொச்சே" என்றுதான் கூப்பிடுவார், மலையாளத்தில் குழந்தை என்று அர்த்தம்.

"வெத்தலைக்குச் சுண்ணாம்புன்னு கேக்கத் தெரியாது, கொச்சாம் கொச்சு" என்று சித்தி கேலி செய்வார்.

"ஒனக்கென்ன தெரியும்? அங்கன என்னய மலையாளத்தான்னே நெனைக்கிறான்."

"ஆமா, முன்னாடி ஒடஞ்ச பல்லு வழியா பேச்சு வந்தா எல்லாம் மலையாளமாத்தேன் கேக்கும்."

சித்தப்பாவுக்கு முன்பல் பாதி உடைந்திருக்கும். சின்ன வயசில் செக்கில் விழுந்து உடைந்தது. கல்யாணமாகி மூன்று நாலு வருஷம் ஆகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஆனாலும் அந்த வீட்டில்தான் சிரிப்புச் சத்தம் அதிகம்.

மாசி மாசத்தில் ஒரு நாள் ஊரில் ஒரு கல்யாணம். கூட்டாளிகள் யாரும் அன்று மலைக்குப் போகவில்லை. சித்தப்பா மட்டும் தனியாகப் போனார். சாயங்காலம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

ஒரு வாரம் பார்த்துவிட்டு ஐயா மேலே போனார். பிடிபட்டிருந்தால் போலீஸ் ஸ்டேஷனில் தெரிந்துவிடும் என்று நினைப்பு. பிடிபடுவது புதுசு இல்லை. பெயரைச் சொல்லிக் கேட்டால் இருக்கிற இடத்தைச் சொல்லிவிடுவார்கள். ஐயா செருப்பை வாசலில் கழற்றி விட்டுவிட்டு, துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சித்தப்பாவின் பெயரையும் ஊரையும் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்படி ஒருவரும் பிடிபடவில்லை என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார். ஆளின் அடையாளத்தைச் சொல்லவில்லை. உடைந்த பல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காட்டுவதற்குப் போட்டோவும் கிடையாது. கல்யாணத்துக்குப் படம் பிடிக்கிற வழக்கம் அன்று எங்கள் வீட்டில் இல்லை.

அதற்குப் பிறகு ஊர் பேச ஆரம்பித்தது.

குழாயடியில் ஒரு பேச்சு, டீக்கடையில் ஒரு பேச்சு. மலை மெட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு மலையாளத்துப் பெண்ணோடு குடும்பம் நடத்துகிறார் என்றார்கள். யானை மிதித்துவிட்டது என்றார்கள். மேகமலை எஸ்டேட்டில் தேயிலை மூட்டை ஏற்றுவதைப் பார்த்ததாக சின்னமனூர் பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார். எப்படி இருந்தார் என்று கேட்டால், "முதுகுப் பக்கந்தேன் பாத்தேன்" என்றார். எங்கள் பள்ளிக்கூடத்தில் பையன்கள் யானையாகவும் சித்தப்பாவாகவும் விளையாடினார்கள். நான் போனால் நிறுத்திவிடுவார்கள். அதுதான் எனக்கு அதிக வலியாக இருந்தது.

பேசப் பேச, பேச்சு சித்தியின் பக்கம் திரும்பியது. சித்தி அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. வழக்கம்போல் குளித்து, பொட்டு வைத்து, தலையில் பூ வைத்துக் களை எடுக்கப் போனார். ஒரு நாள் குழாயடியில் நானும் பக்கத்தில் குடத்தோடு நிற்கிறேன், எதிர்வீட்டு அத்தை ஆரம்பித்தார்.

"புருஷனக் காணோம்னு ஊரே தேடுது. இங்கன கதம்பம் மணக்குது."

சித்தி குடத்தைக் கழுவிக்கொண்டே, "காணாமத்தான போயிருக்காக? செத்தா போனாக? பூவு வெக்காம இருந்தா வர்ற ஆளு பயந்துக்கிருவாக" என்றார்.

"வர்ற ஆளு யாருன்னுதான் ஊரு கேக்குது."

"ஊரு கேக்கட்டும் மதினி. ஒங்க கொடம் நெறஞ்சு வழியுது, மொத அதப் பாருங்க."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு சித்திக்கு உதவவில்லை. அரிசி மில்லில் இஞ்சின் ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். சித்தப்பாவின் கூட்டாளி. அவர் இரண்டு தடவை வந்து, தகவல் ஏதும் உண்டா என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார். அது போதுமானதாக இருந்தது. வீடியோவில் சொல்கிற அந்த வேறொருவர் அன்றைக்குக் குழாயடியில் பிறந்தவர்தான்.

பங்குனி பிறந்து கொஞ்ச நாளில், விறகுக்குப் போனவர்கள் மலைப்பாதையில் ஓர் ஓடையில் கிடந்தது என்று ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்தார்கள். டயரில் தைத்த செருப்பு. கம்பத்தில் ஒரே ஆள்தான் அதைத் தைப்பார். எங்கள் ஊரில் பாதி ஆண்கள் காலில் அதே செருப்புதான் கிடந்தது. அதைக் கொண்டுவந்த ஆளே ஒரு ஜோடி போட்டிருந்தார். இருந்தாலும் அது சித்தப்பா செருப்பு என்று எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது. சித்தி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது அவுகளுது இல்ல. அவுக நடந்தா குதியில வலது பக்கம் தேயும். இது எடது பக்கம் தேஞ்சிருக்கு."

"தண்ணியில கெடந்து தேஞ்சிருக்கும்" என்றார் ஒரு பெரியவர். தண்ணீரில் கிடந்தால் செருப்பு ஒரு பக்கமாகத் தேயுமா என்று யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் திருவிழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஐயா ஏன் அப்படிச் செய்தார் என்று புரியாது.

சித்திரையில் எங்கள் ஊர் அம்மனுக்குத் திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் ஊரில் தாளிக்கிற வாசனை வராது. யாரும் வெளியூரில் தங்கக் கூடாது. முதல் அக்கினிச்சட்டி எடுக்கிற உரிமை எங்கள் வகையறாவுக்கு. எங்கள் பங்காளி வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் அத்தனை வீட்டுக்கும் தீட்டு. கருமாதி முடிகிற வரைக்கும் கோயில் பக்கம் போக முடியாது. அதற்கு முந்திய வருஷம் திருவிழா நடக்கும்போதே ஊரில் ஒரு சாவு விழுந்து, பாதியில் காப்பை அவிழ்த்தார்கள். பிறகு மழை தப்பியது. கிணறுகளில் தரை தெரிந்தது. அம்மன் கோபம் என்று ஊரே நம்பியது. நானும்தான் நம்பினேன். இன்றைக்கும் முழுசாக இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே பூசாரி ஊர்க் கூட்டத்தில் ஐயாவிடம் கேட்டார். மந்தையில் வேப்பமரத்தடியில் கூட்டம். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பக்கம் நின்றேன்.

"ஒங்க தம்பி இருக்காகளா இல்லையா, ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க. காப்புக் கட்டுன பெறகு மலையில ஒடம்பு கெடக்குன்னு சேதி வந்தா என்ன செய்வீக?"

ஐயா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இருக்காகன்னு சொன்னா கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா இப்பவே காரியத்த முடிச்சிருங்க. முடிச்சிட்டா, நாளைக்கு ஒடம்பு கெடச்சாலும் தீட்டு இல்ல. ஆத்தாளுக்குக் கொறை வராது."

கூட்டத்தில் எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. இப்போது யோசித்தால் திகைப்பாக இருக்கிறது. அவர் செத்தாரா என்று யாரும் கேட்கவில்லை. எப்போது செத்தால் திருவிழாவுக்கு வசதி என்று கேட்டார்கள். ஆனால் அங்கே நின்றவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எல்லாரும் காய்ந்துபோன கிணற்றைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

ஐயா வீட்டுக்கு வந்து சாமி முன்னால் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். சித்தி வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

"மாமா, இதுவரைக்கும் ஒங்க முன்னாடி நின்னு நான் பேசுனதில்ல. அவுக இருக்காக. எனக்குத் தெரியுது."

"எப்படித்தா தெரியுது?"

"தெரியுது மாமா. கஞ்சி குடிக்கையில புரை ஏறுது."

இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. ஐயா தரையைப் பார்த்துக்கொண்டே, "என் ஒருத்தன் மனசு இல்லத்தா இது. ஊரு தண்ணிக்கு நிக்குது" என்றார்.

"அப்ப என் தாலியில இருந்துதான் தண்ணி ஊறப்போகுதா மாமா?"

அம்மாதான் எழுந்து போய்ச் சித்தியைப் பிடித்துக்கொண்டார். அம்மாவும் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் காலத்தில் பேச மாட்டார்கள் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது இன்னும் சமாதானமாகவில்லை.

வைக்கோலில் ஓர் உருவம் செய்து, சித்தப்பாவின் வேட்டியைச் சுற்றி, முல்லையாற்றங்கரையில் வைத்து எரித்தார்கள். வைக்கோல் எரிகிற வாசம் பொங்கலுக்கு வருகிற வாசம் மாதிரி நன்றாகவே இருந்தது. அதனால் எனக்கு அழுகை வரவில்லை. கருமாதியன்று காலையில் சித்தியின் அண்ணன் பண்ணைப்புரத்திலிருந்து பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கொண்டுவந்தார். பெண்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. சித்தியின் சத்தம் மட்டும் கேட்டது.

"நானா கழட்டல. சாமிக்குத் தெரியட்டும், நானா கழட்டல."

பிறகு காப்புக் கட்டினார்கள். இருட்டறையில் முளைப்பாரி மஞ்சளாக முளைத்து வந்தது. பெண்கள் அதைச் சுற்றிக் கும்மி கொட்டினார்கள். சித்தி பின்கட்டு அறையில் இருந்தார். சுமங்கலிகளுக்கு எதிரே வரக் கூடாது என்று அல்ல, அவரே கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கினிச்சட்டிக்கு முந்தின நாள் பகலில் சித்தப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார்.

விலக்கு ரோட்டில் டீக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும் கையில் இருந்த கிளாஸைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டாராம். சித்தப்பா சிரித்துக்கொண்டு, "ஏலே, என்னலே பேயப் பாத்த மாதிரி ஓடுற?" என்று கேட்டிருக்கிறார். ஒரு கிழவர்தான் தைரியமாக வந்து, "ஒனக்குக் கருமாதி முடிஞ்சு போச்சப்பா" என்று சொல்லியிருக்கிறார்.

ஊருக்குள் விடவில்லை. காப்புக் கட்டிய ஊர், செத்தவராக எண்ணிக் காரியம் முடித்த ஆள்; என்ன செய்வது என்று பூசாரிக்கே தெரியவில்லை. திருவிழா முடிகிற வரைக்கும் எல்லைக்கு வெளியே எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் இருக்கச் சொன்னார்கள். அம்மா சோறு கொண்டு போனார், நானும் கூடப் போனேன். மொட்டை அடித்திருந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவின் பின்னால் ஒளிந்தேன்.

"கொச்சே, எள்ளுந்தண்ணியும் எறச்சவுகள்ல நீயும் உண்டா?" என்று கேட்டார். உடைந்த பல் தெரிந்தது. ஓடிப்போய் மடியில் விழுந்துவிட்டேன்.

அம்மாவிடம் அவர் சொன்னதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மலைக்கு அந்தப்பக்கம் அரிசியோடு பிடிபட்டிருக்கிறார். ஸ்டேஷனில் வேறு பெயர், வேறு ஊர் சொல்லிவிட்டார். ஊரில் மூட்டையைத் தூக்கிவிட்ட ஆளையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு மாசம் ஜெயிலில் போட்டுவிட்டார்கள்.

"ஏன் கொழுந்தனாரே பேர மாத்துனீக?"

"மொதச் சட்டி எடுக்குற வகையறா மதினி நாம. அதுல ஒருத்தன் ஜெயில்ல கெடக்கான்னு வந்தா அண்ணன் எப்படிச் சட்டியத் தூக்கும்?"

"ஒரு கார்டாச்சும் போட்டிருக்கலாமே!"

"ஜெயில் முத்திர குத்தி வரும். நம்ம தபால்காரரு டீக்கடையிலயே சத்தமா வாசிச்சிருவாரே."

திருவிழாவின் மரியாதைக்காகத் தம்பி பெயரை மறைத்தார். அதே மரியாதைக்காக அண்ணன் கருமாதி செய்தார். இருவருக்கும் ஒரே சாமி, ஒரே பயம். அன்றைக்கு இதைச் சேர்த்துப் பார்க்கிற வயசு எனக்கு இல்லை.

மறுநாள் ஐயா சட்டி எடுத்தார். அம்மன் முன்னால் எப்போதும் அருள் வந்து ஆடுவார். அந்த வருஷம் ஆடவில்லை. வெறுமனே நடந்து போய் இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

காப்பு அவிழ்த்த பிறகு பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். செத்தவராகச் செய்துவிட்டதால் மறுபடி பிறந்தவராகச் செய்ய வேண்டும். ஆற்றில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, காதில் பெயரைச் சொல்லி, பிறந்த குழந்தைக்கு வைக்கிற மாதிரி சேனை வைக்க வேண்டும். சேனை வைக்கிறவர் குணம் குழந்தைக்கு வரும் என்பதால் நல்லவராகப் பார்த்துத்தான் வைக்கச் சொல்வோம். சித்தப்பாவுக்கு ஐயா வைத்தார். மீசை வைத்த ஆள் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்க, ஐயா சீனித் தண்ணியை விரலில் தொட்டு வைக்கப் போனார்.

"அண்ணே, ஒன் கொணம் வந்துருமேண்ணே எனக்கு" என்றார் சித்தப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். ஐயா மட்டும் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தை ஆற்றுத் தண்ணீரால் கழுவிக் கழுவிக் கொண்டிருந்தார்.

சித்திக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும் என்றார்கள். மந்தையில் ஊர் கூடி மேளத்தோடு கட்டலாம் என்று பூசாரி சொன்னார். சித்தி மாட்டேன் என்றார்.

"எடுக்கையில ஊரு கூடுச்சு. கட்டுறதுக்கு ஊரு வேணாம். அவுக கை போதும், ஆத்தா மொகம் போதும்."

கோயிலில் பகல் நேரத்தில், யாரும் இல்லாதபோது கட்டிக்கொண்டார்கள். ஐயா, அம்மா, நான் மட்டும் இருந்தோம். மஞ்சள் கயிற்றுக்கு முடிச்சுப் போடும்போது சித்தி, "மலையாள முடிச்சுப் போட்டுறாதீக, அவுந்துக்கிரும்" என்றார். சித்தப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இதோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வந்தவர் அவரே இல்லை என்று ஒரு பேச்சு கிளம்பியது. காரியம் முடித்த ஊருக்கு, தப்பாக முடித்தோம் என்று ஒத்துக்கொள்வதைவிட அது சுலபமாக இருந்தது. மெலிந்திருக்கிறார், மொட்டை அடித்திருக்கிறார், குரல் கம்மியிருக்கிறது. டீக்கடையில் கூட்டம் கூடி, பள்ளிக்கூடத்து வாத்தியார் பெயர் என்ன, எந்த வருஷம் எந்த மாடு செத்தது என்று அவரைப் பரீட்சை வைத்தார்கள். ஒரு கேள்விக்குத் தப்பாகச் சொன்னால், "பாத்தீகளா!" என்பார்கள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னால், "எவனோ சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கான்" என்பார்கள். மில் இஞ்சின்காரர் பெயரும் இழுபட்டது. அவரோ பாவம், மில்லில்தான் இருந்தார்; சித்தப்பாவும் அவரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்ததை ஊரே பார்த்தது. பார்த்த கண்ணோடேயே இருவரும் ஒரே ஆள் என்றும் பேசியது.

ஒரு வருஷம் கழித்துச் சித்திக்கு மகன் பிறந்தான். பள்ளிக்கூடத்தில் அவனைச் "செத்தவன் மகனே" என்று கூப்பிடுவார்கள். அவன் அழுதுகொண்டு வந்தால் சித்தப்பா, "ஆமாடா, செத்தும் கூலி வேலைக்குப் போறேன்ல, எவன் அப்பன் போவான்?" என்று சொல்லிச் சிரிக்க வைப்பார்.

ஐயா அடுத்த வருஷம் சட்டியைத் தம்பி கையில் கொடுத்தார். இரண்டு மூன்று பேர் ஆட்சேபித்தார்கள். "அவன் எடுக்கலேன்னா இனி எங்க வகையறா எடுக்கல" என்றார் ஐயா. அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டது அதுதான். ஆனால் தம்பியிடமோ சித்தியிடமோ தப்பு செய்துவிட்டேன் என்று வாய் திறந்து சொன்னாரா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை. பக்தி அதிகம் உள்ள மனுஷர். சாமியிடம் சொன்னால் போதும் என்று நினைத்திருப்பார். மனுஷரிடமும் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

பல வருஷம் கழித்து ஐயா காலமானார். பிறகு சித்தப்பாவும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, நெஞ்சு வலியில் தேனி ஆஸ்பத்திரியில் காலமானார். அப்போதும், ஒரு தடவை கருமாதி செய்த ஆளுக்கு இன்னொரு தடவை செய்யலாமா என்று இரண்டு கிழவர்கள் வாசலில் விவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். மகன் போய், "மொதச் செஞ்சது வைக்கோலுக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தான்.

போன மாசம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் பெரியம்மாவும். வீடு பார்க்க என்று வந்தார்கள், வீட்டைப் பார்க்கவில்லை. சித்தியைத்தான் பார்த்தார்கள். நான் காப்பி கொண்டு வந்து வைத்தேன். பெரியம்மா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது ஆத்தா. போன்ல என்னமோ சொல்லுறாக. வந்தவுகளும் போனவுகளும் ஒரே ஆளுதான்னு எங்களுக்குத் தெரியணும்ல. பிள்ளை குடுக்கல் வாங்கல் பாருங்க."

பேத்தி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சித்தி என் கையைப் பிடித்து அமர்த்தினார். சித்திக்குக் காது கொஞ்சம் மந்தம்தான், ஆனால் அந்தக் கேள்வி நன்றாகக் கேட்டிருந்தது.

"என் கழுத்துல ரெண்டு தடவ தாலி ஏறுச்சு ஆத்தா. ரெண்டு தடவையும் கட்டுனது ஒரே கை. அந்தக் கை எதுன்னு என்னயவிட யாருக்குத் தெரியும்?"

பெரியம்மா தம்ளரைக் கீழே வைத்தார்.

"எறங்குனதும் ரெண்டு தடவ. அது மட்டும் ஒரே கை இல்ல. மொத தடவ ஊரு அறுத்துச்சு. ரெண்டாந் தடவ அவுக மொகத்தப் பாத்து நானே கழட்டுனேன். ஒருத்தரையும் தொட விடல. காப்பி ஆறுது, குடிங்க."

அவர்கள் குடித்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். இன்னும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. பேத்தி வேலைக்குப் போய் வருகிறாள், ஒன்றும் கேட்பதில்லை. சித்தியும் கேட்பதில்லை. வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டால் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கிற பேத்தியின் கை நின்றுவிடுகிறது.

உங்களில் யாருக்கு அந்த வீட்டோடு பழக்கமோ அவர்கள் இதை அங்கே போய்ச் சொல்லுங்கள். மற்றவர்கள் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சொல்லும்போது சித்தியைக் கொஞ்சம் அதிகமாக அழ வைக்கத் தோன்றும். வேண்டாம், அவர் அவ்வளவு அழவில்லை. என் ஐயாவைக் கொஞ்சம் காப்பாற்றத் தோன்றும். மகளாகிய நானே காப்பாற்றவில்லை, நீங்களும் வேண்டாம். யானையைச் சேர்க்காதீர்கள். கிணற்றைச் சேர்க்காதீர்கள். என்ன நடந்ததோ யாருக்குத் தெரியும் என்று கடைசியில் ஒரு வரி போட ஆசை வரும். அதையும் போடாதீர்கள். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.